அறுப்பின் பண்டிகையில் நான் சொன்ன சாட்சி

எங்கள் சபையில் பாட்டு முடிந்ததும் பாஸ்டர் ஐயா, "சாட்சி இருக்கறவங்க சொல்லலாம்" என்பார். ஆண்கள் பக்கம் ஒருவர், பெண்கள் பக்கம் ஒருவர் என்று எழுந்து நிற்பார்கள். போர்வெல்லில் தண்ணீர் வந்தது, மகளுக்குப் பிரசவம் சுகமாக ஆனது, காணாமல்போன எருமை கிடைத்தது என்று எதுவானாலும் எல்லார் முன்னாலும் சொல்லி, கர்த்தருக்கு நன்றி செலுத்திவிட்டு உட்காருவார்கள். ஒருவர் சொல்வதைக் கேட்டு இன்னொருவருக்குத் தைரியம் வரும். நல்ல வழக்கம்தான். அந்த நல்ல வழக்கத்தை வைத்துக்கொண்டு நான் என் மனைவியைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஒன்பதாவது வரைக்கும் படித்தவன் நான். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

மாரண்டஹள்ளியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் நிலம். தக்காளியும் சாமந்தியும் போடுகிறோம். ஒரே மகள், கட்டிக்கொடுத்து ஓசூரில் இருக்கிறாள். வீட்டில் நானும் என் மனைவியும்தான். போன வருஷம் ஆடி மாதத்துக்கு முன்னால் அவளுக்கு இருமல் வந்தது. பூப்பறிக்கும்போது நாலு செடிக்கு ஒரு தரம் நின்று இருமுவாள். மெடிக்கலில் சிரப் வாங்கிக் குடித்தாள். ஒரு மாதம் ஆகியும் நிற்கவில்லை. எடை குறைந்து ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆனது. பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளியைச் சோதித்து டி.பி. என்று சொன்னார்கள்.

அங்கேயிருந்து ஒரு நர்ஸ் சிஸ்டர் ஸ்கூட்டியில் வருவார். ஐம்பது வயதிருக்கும். வாய் கொஞ்சம் ஜாஸ்தி, மனசு தங்கம். மாத்திரை அட்டைகளைக் கொடுத்து, "அக்கா, ஆறு மாசம். ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டீங்கன்னா நான் வந்து வூட்டு வாசப்படியில ஒக்காந்துக்குவேன், சோறு நீங்கதான் போடணும்" என்பார்.

மாத்திரை லேசுப்பட்டதல்ல. காலையில் விழுங்கினால் மத்தியானம் வரைக்கும் குமட்டல். சிறுநீர் செக்கச்செவேல் என்று போவதைப் பார்த்து முதல் நாள் பயந்தே போனாள். வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு மறுபடி பூப்பறிக்கப் போவாள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். அப்போதுதான் பொருத்தனை பண்ணினேன். ஆண்டவரே, அறுப்பின் பண்டிகைக்குள் இந்த இருமல் நின்றுவிட்டால் சபையில் எழுந்து உம்முடைய மகிமையைச் சொல்லுவேன் என்று.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. சிஸ்டர் மறுபடி சளியைச் சோதித்துவிட்டு வந்து, "கிருமி இல்லைங்கண்ணா. மருந்து நல்லா கேக்குது. இன்னும் நாலு மாசம் விடாம சாப்புடணும்" என்றார். கிருமி இல்லை என்ற இரண்டு வார்த்தை என் காதில் விழுந்தது. அதற்கு மேல் சொன்னதை நான் உள்ளே விடவில்லை.

அறுப்பின் பண்டிகைக்கு ஆலயத்தில் கரும்பும் வாழையும் கட்டுவார்கள். அவரவர் நிலத்தில் விளைந்ததை முதல் பலனாகக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம். ராகி, தேங்காய், பூசணி, கொத்தமல்லிக் கட்டு என்று குவியும். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் கிரேடு நிறையத் தக்காளி கொண்டுபோனேன். அதன் மேலே, மீதி இருந்த மாத்திரை அட்டைகளை ஒரு ரப்பர் பேண்டு போட்டு வைத்தேன். கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார், இனி இது எங்களுக்கு வேண்டாம் என்பதற்கு அடையாளமாக.

முந்தின நாளே அவள் கேட்டாள். "ஏங்க, சிஸ்டரு இன்னும் நாலு மாசம்னு சொல்லிச்சே?"

"கிருமிதான் இல்லையே. அப்புறம் மாத்திரை எதுக்கு? விசுவாசம் வேணும்மா."

குமட்டலிலிருந்து தப்பித்தோம் என்று அவளுக்கும் ஒரு நிம்மதி இருந்திருக்கும். ஆனாலும் பழியை அவள் மேல் ஒரு துளிகூடப் போடமாட்டேன். அவள் கேட்டாள். நான்தான் வாயை அடைத்தேன்.

சாட்சி சொல்ல எழுந்தேன். நன்றாகவே சொன்னேன். அது நடிப்பு இல்லை. பெண்கள் பக்கம் பலர் அழுதார்கள். முடிந்ததும் பாஸ்டர் ஐயா அந்த அட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "டாக்டரே நிறுத்தச் சொல்லிட்டாருங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்கய்யா."

மாத்திரையை நிறுத்தச் சொல்லி எங்கள் சபையில் ஒருவரும் ஒருநாளும் போதித்ததில்லை. பாஸ்டர் ஐயாவே சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். இது நானாகச் செய்தது. பரிசுத்த இடத்தில் நின்றுகொண்டு ஊழியக்காரர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். அன்றைக்கு அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை. விசுவாசத்தில் முன்கூட்டியே அறிக்கை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏலத்தில் சபைப் பொருளாளர் தக்காளிக் கிரேடைத் தூக்கியவர், அட்டைகளையும் தூக்கிக் காட்டினார். "இந்தாங்க, கவர்மெண்டு சரக்கு! யாருக்கு வேணும்? ஒரு தரம்!"

"நீயே வச்சிக்கோப்பா, மூணு வேளை போடு, வாயாச்சும் மூடும்!" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் சிரித்தோம். என் மனைவியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரம் சிஸ்டர் போன் செய்தார். அவரிடம், மனைவி மகள் வீட்டுக்கு ஓசூர் போயிருக்கிறாள், மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது.

பிறகு நடந்ததுதான் நான் எதிர்பாராதது. என் சாட்சிக்குப் பிறகு என் மனைவி சபையில் ஒரு அத்தாட்சி மாதிரி ஆகிவிட்டாள். தலைவலி, கால்வலி என்று பெண்கள் அவளைத் தேடி வந்து, "அக்கா, நீங்க கை வச்சி ஜெபம் பண்ணுங்க" என்பார்கள். பக்கத்துத் தெருவில் கன்னடம் பேசுகிற வீட்டு மருமகள் ஒருத்தி. கல்யாணமாகி ஏழு வருஷம், குழந்தை இல்லை. மாமியார் வாயிலிருந்து தப்பிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவள். "அக்காவுக்குச் செஞ்ச ஆண்டவரு எனக்கும் செய்வாரு" என்று சபைக்கு வரத் தொடங்கினாள். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுப்பதாக இருந்தாள்.

மார்ச் மாதம் ஒரு நாள் பகல் பதினோரு மணி இருக்கும். நான் சாமந்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி மோட்டார் ரூமுக்குள் போனாள். சில வாரமாகவே அடிக்கடி அங்கே போய்வந்தாள். வெயிலுக்கு நிழல் தேடிப் போகிறாள் என்று விட்டுவிட்டேன். திடீரென்று மூணு பேஸ் கரண்ட் போனது. மோட்டார் சத்தம் நின்றது. இருமல் சத்தம் நிற்கவில்லை.

அது லேசான இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருகிற இருமல். மோட்டார் ஓடும் சத்தத்துக்குள் ஒளித்து ஒளித்து இருமிக்கொண்டிருந்தவளுக்கு, கரண்ட் போன பிறகு அடக்க முடியவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். கையில் பழைய துணி. என்னைப் பார்த்ததும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். பிடுங்கிப் பார்த்தேன். ரத்தம்.

"எத்தனை நாளா?"

"தை மாசத்துலருந்துங்க."

"ஏன் சொல்லல? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? சபையில அத்தனை பேரு முன்னாடி சொல்லிட்டீங்க. இப்ப எனக்குத் திரும்ப வந்துருச்சுன்னா, ஆண்டவரு கைவிட்டுட்டாருன்னுதான பேசுவாங்க? அந்தக் கன்னடக்காரப் பொண்ணு வேற என்னை நம்பித்தான் வருது."

"வா, இப்பவே ஆஸ்பத்திரி போலாம்."

"நான் வரமாட்டங்க. அங்க நம்ம சபை ஆளுங்க நாலு பேரு வேலை செய்யறாங்க. நான் போய் நின்னா அன்னிக்கே ஊரெல்லாம் தெரிஞ்சிரும். ஈஸ்டர் போகட்டும். அதுக்குள்ள ஆண்டவரு சரி பண்ணிடுவாரு."

என் சொற்களையே எனக்குத் திருப்பிக் கொடுத்தாள்.

கெஞ்சினேன். கத்தினேன். மகளுக்குப் போன் போட்டுப் பேசச் சொன்னேன். மகள் அழுதாள். இவள் அசையவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் என் பேச்சை ஒரு தடவையும் தட்டாதவள், என் பேச்சைக் காப்பாற்றுவதற்காக என் பேச்சைத் தட்டினாள். கடைசியில் சிஸ்டருக்குப் போன் செய்து எல்லா உண்மையையும் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டார். ஸ்கூட்டி சத்தம் கேட்டதும் என் மனைவி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, கதவைத் திறக்கா. ஒரு டப்பா சளி குடு, போதும். ஊசிகூட இல்லக்கா."

"எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர். நீங்க போங்க."

கால் மணி நேரம் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். அவர் கோபப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஏண்ணா, பாதியில விட்டா கிருமி சாவாது, மருந்துக்குப் பழகிக்கும்னு எத்தனை தடவை சொன்னேன்? இப்ப அந்த மாத்திரை கேக்குமோ கேக்காதோ யாருக்குத் தெரியும்? ஓசூருக்குப் போயிருக்குதுன்னு வாய் கூசாம சொன்னீங்களே!"

கொண்டுவந்த காலி டப்பாவை என் கையில் வைத்தார்.

"நானும் வருஷம் தப்பாம தீர்த்தமலை ஏறிப் போய்க் கும்பிடறவதாண்ணா. சாமிய நான் குறை சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாத்திரையை நிறுத்துன்னு உங்க சாமி சொல்லுச்சா, நீங்களா நிறுத்தினீங்களா? அதைக் கேட்டுட்டு அக்காகிட்ட சொல்லுங்க. கதவு தன்னால தொறக்கும்."

அவர் போன பிறகு சாமந்திப் பாத்திக்குள் போய் முழங்கால் போட்டேன். நல்ல வெயில். ஈர மண் முழங்காலில் ஒட்டியது. யார் பார்த்தாலும் பரவாயில்லை என்றுதான் அழுதேன். ஆண்டவரே, அவளைச் சுகமாக்கும், நான் சொன்ன சாட்சி பொய்யாகப் போகக்கூடாது, சபையில் என்னைத் தலைகுனிய விடாதேயும், உம்முடைய நாமம் தூஷிக்கப்படக்கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். எத்தனை நேரம் அப்படிச் சொன்னேனோ தெரியாது. நடுவில் எங்கேயோ நான் சொல்வது என் காதிலேயே விழுந்தது. அவளை ஒரு தரம் சொன்னால் என் சாட்சியை நாலு தரம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்காக வேண்டுவதாக நினைத்துக்கொண்டு என் பெயருக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். தேவனுடைய நாமம் என்று நான் சொன்னதெல்லாம் என் நாமம்தான்.

அதற்கு மேல் ஜெபிக்க வாய் வரவில்லை. அன்றைக்கு வானம் எனக்குப் பித்தளைத் தகடு போல இருந்தது. எந்த ஆறுதலும் வரவில்லை, எந்த வசனமும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் செத்துப்போவாள், நான்தான் கொன்றவன் என்ற ஒன்றுதான் தெரிந்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. என்ன செய்யப்போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்கமாட்டாள். முந்தானையை வாயில் சுற்றிக்கொண்டு பெண்கள் பக்கம் கடைசியில், ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பாடும்போதுகூட அவள் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. உள்ளுக்குள் அடக்கிக்கொண்டிருந்தாள்.

"சாட்சி இருக்கறவங்க சொல்லலாம்."

எழுந்தேன். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம். நான் அறுப்பின் பண்டிகை அன்னிக்கு இங்க பொய்ச்சாட்சி சொன்னேங்க."

"அல்லேலூயா!" என்றார் பின்வரிசையில் ஒரு பெரியவர், பழக்கதோஷத்தில். காது மந்தம் அவருக்கு. பக்கத்தில் இருந்தவர் அவர் கையைப் பிடித்து அழுத்தினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"டாக்டரு நிறுத்தச் சொல்லல. ஆறு மாசம் சாப்புடணும்னு சொன்னாங்க. ரெண்டு மாசத்துல நானே நிறுத்திட்டேன். ஐயா கேட்டதுக்கும் பொய் சொன்னேன். சிஸ்டருகிட்டயும் பொய் சொன்னேன். இப்ப அவளுக்குத் திரும்ப வந்துருச்சுங்க. ரத்தமா வருது. தை மாசத்துலருந்து மறைச்சி வச்சிருக்குறா. நான் சொன்ன சாட்சியைக் காப்பாத்தறதுக்காக மறைச்சி வச்சிருக்குறா. கர்த்தரு அவளைக் கைவிடலைங்க. கர்த்தரு குடுத்த மருந்தை நான்தான் அவ கையிலருந்து பிடுங்குனேன். அந்தச் சாட்சியை நான் திரும்ப வாங்கிக்கறேன். என்னை என்ன வேணா பண்ணுங்க. அவளை மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க."

அப்போது ஜன்னலோரத்திலிருந்து இருமல் எழுந்தது. முந்தானையை எடுக்கவில்லை, ஆனால் அடக்கவும் இல்லை. இரண்டு மாதமாக மோட்டார் ரூமில் ஒளித்து வைத்திருந்ததை எல்லாம் சபை நடுவில் இருமித் தீர்த்தாள். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் சட்டென்று நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

கன்னடக்காரப் பெண் எழுந்து போய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "ஹோகோண பன்னி, அக்கா" என்றாள். போகலாம் வாங்க அக்கா என்று. பதட்டத்தில் அவளுக்கு அவள் பாஷைதான் வந்தது. பிறகு தமிழில் சொன்னாள்: "நான் உங்களப் பாத்து வந்தேன்தான். ஆனா உங்களக் கும்புடவா வந்தேன்? வாங்க."

பாஸ்டர் ஐயா ஆராதனையை அப்படியே நிறுத்தினார். பீடத்தைவிட்டு இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார். "அன்னிக்கு நான் டாக்டர் சீட்டைக் காட்டுங்கன்னு கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு மத்தியானமே அவள் டப்பாவில் சளி கொடுத்தாள். ஜன்னலைத் திறந்துவைத்து, சிஸ்டர் சொன்னபடி மூச்சை இழுத்து இருமினாள். நாலைந்து நாளில் முடிவு வந்தது. பழைய மாத்திரைகளில் ஒன்றுக்குக் கிருமி கட்டுப்படவில்லை என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்திருந்து வேறு மருந்து தொடங்கினார்கள். எனக்கும், மகளுக்கும், கன்னடக்காரப் பெண்ணுக்கும், சபையில் அவளோடு நெருங்கிப் பழகிய எல்லாருக்கும் சோதனை செய்தார்கள். ஒருவருக்கும் கிருமி இல்லை என்று வரும்வரை நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இரண்டு குடும்பத்தார் சபையை விட்டுப் போய்விட்டார்கள். கன்னடக்காரப் பெண்ணின் ஞானஸ்நானம் தள்ளிப்போயிருக்கிறது. அவள் மாமியார் விடமாட்டேன் என்கிறாள். அதுவும் என்னால்தான்.

இது மூன்றாவது மாதம். புது மருந்தில் என் மனைவியின் முகம் கறுத்துவிட்டது. கால் எரிகிறது என்கிறாள். போன மாதம் ஒரு கிலோ ஏறினாள், இந்த மாதம் ஒன்றரைக் கிலோ இறங்கிவிட்டாள். டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை, நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. காலையில் மாத்திரையை எண்ணி அவள் கையில் வைத்து, அவள் விழுங்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறேன். சில நாள் விழுங்கிய கையோடு என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். சில நாள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரண்டும் எனக்குத் தகும். மன்னித்துவிட்டாயா என்று இன்னும் நான் கேட்கவில்லை. கேட்டால் மன்னித்தேன் என்றுதான் சொல்லுவாள். அவள் சுபாவம் அது. அதனால்தான் கேட்கப் பயமாக இருக்கிறது.

பாத்தியில் முழங்கால் போடுவதை விடவில்லை. நான் செய்த பாவத்துக்கு அவளை எடுத்துக்கொள்ளாதேயும் என்று கேட்கிறேன். பதில் வந்ததா என்றால், வரவில்லை. வந்தது மாதிரி எழுத எனக்கு ஆசையாக இருக்கிறது. எழுதமாட்டேன்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பொருளாளர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இப்ப எப்படி இருக்கறாங்க? நல்லாயிட்டு வராங்கதான? ஆண்டவரு கிரியை செய்யறாருதான?"

நல்லவர். ஆமாம் என்ற வார்த்தையை என் வாயிலிருந்து வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போக நினைத்தார். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இன்னும் தெரியலைங்க" என்றேன். "ஒன்றரை கிலோ குறைஞ்சிருக்குறா. ஜெபம் பண்ணிக்கோங்க."